கொவென்றியில் ஒரு கிணறு

இங்கிலாந்தில் கொவென்றி என்று ஒரு நகரம் இருக்கிறது. நான் அங்கே போனதில்லை. போகிற எண்ணமும் இல்லை. ஆனால் ஐந்து வருஷம் அங்கே குடியிருந்திருக்கிறேன். என் அப்பா அங்கேதான் செத்தார். வீடும் வளவும் மட்டும் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் இருந்தன.

இதை விளங்கப்படுத்த அப்பாவின் வகுப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். அப்பா மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படிப்பித்தார். விடிய சைக்கிளில் போவார். மத்தியானம் கழிந்து திரும்பி வந்து சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்வார். பின்னேரம் எங்கள் வளவின் முன்பக்கத்தில் இருந்த ஓலைக் கொட்டிலில் மறுபடி படிப்பிப்பார். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு அந்தக் கொட்டில் நிரம்பி வழிந்தது. கொழும்பில் அடிவாங்கிக் கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகள், ஊர்ப் பிள்ளைகள், எல்லாருக்கும் ஒரே அவசரம்தான். எங்கேயாவது போய்விட வேண்டும், போக இங்கிலிஷ் வேண்டும். நானும் கடைசி வாங்கில் இருந்து படித்தேன். மகள் என்ற சலுகை எனக்குக் கிடைக்கவில்லை. பிழை விட்டால் மற்றவர்களுக்கு ஒரு குட்டு, எனக்கு இரண்டு.

அப்பாவுக்கு ஊர்ப்பெயர்ப் பைத்தியம். இங்கிலிஷ்காரர் ஊர்ப்பெயர்களை எடுத்து எப்படிச் சொல்லாக்கிவிடுகிறார்கள் என்பதில் அவருக்குத் தீராத ஆச்சரியம். பழைய தேசப்படம் ஒன்றைக் கொட்டிலின் கப்புத்தூணில் தொங்கவிட்டு, பிரம்பால் தொட்டுக் காட்டுவார். வாட்டர்லூ ஒரு வயல்வெளி. அங்கே ஒரு பேரரசன் தோற்றுப்போனான். இன்றைக்குச் சின்னப் பெட்டிக்கடைக்காரன் வியாபாரத்தில் விழுந்தாலும் அவனுக்கு அது வாட்டர்லூ. ரூபிக்கன் எங்கள் வழுக்கியாறு அளவான ஒரு சின்ன ஆறு. அதைக் கடந்தால் பிறகு திரும்புகிற கதை இல்லை. டிம்பக்டு என்றால் பெயர் எல்லாருக்கும் தெரியும், வழி ஒருவருக்கும் தெரியாது. நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டுபோவது என்பதைச் சொல்லிவிட்டு, "கோப்பாய்க்கு வெளியிலையிருந்து வெங்காயம் கொண்டுவாறவன் மாதிரி" என்பார். தோட்டக்காரரின் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

கொவென்றிக்கு அவர் தனியாக ஒரு பின்னேரம் எடுத்தார்.

"ஒருத்தனைக் கொவென்றிக்கு அனுப்புறது எண்டால், அவனுக்கு ஒருதரும் அடிக்கிறேல்லை. ஏசுறேல்லை. ஊரை விட்டுக் கலைக்கிறதும் இல்லை. அவன் இருந்த இடத்திலைதான் இருப்பான். ஆனால் ஒருதரும் அவனோடை கதைக்க மாட்டினம். அவ்வளவுதான்."

"அது அவ்வளவு மோசமான ஊரோ சேர்?" என்று முன்வாங்கில் இருந்த ஒருத்தி கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை. நல்ல ஊர். கார் செய்யிற ஊர். பாவம், பேர்தான் பழுதாப் போச்சு."

ஏன் அந்த ஊரின் பெயர் இப்படி ஆனது என்று உறுதியாகத் தெரியாது என்றார். முன்னொரு சண்டையில் பிடிபட்ட படைவீரரை அந்த ஊருக்கு அனுப்பினார்களாம், ஊர்ச்சனம் அவர்களோடு ஒரு வார்த்தை பேசாமல் விட்டார்களாம். அப்படி ஒரு கதை இருக்கிறது, நம்பினால் நம்புங்கள் என்றார். பின்வாங்கில் ஒருவன் எழும்பி, "அப்ப எங்கடை ஒழுங்கை முழுக்கக் கொவென்றிதான் சேர்" என்றான். கொட்டில் அதிரச் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார்.

சிரித்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊரில் இரண்டு வீட்டார் முகம் பார்த்துப் பேசாமல் விட்டால் அதற்குப் பெயர் "கோபம்". அது ஒரு நாளில் வந்து மறு நாளில் போகிற கோபம் இல்லை. வேலிக் கதியால் ஒரு சாண் தள்ளிப் போனதற்குக் கோபமாகி, போட்டவர் செத்து, பிள்ளைகள் ஏன் என்று தெரியாமலே கோபமாக இருப்பார்கள். "அவையோடை எங்களுக்குக் கதை இல்லை" என்று பெருமையோடுதான் சொல்வார்கள். சொத்து என்று காணியும் நகையும் போக மிச்சமாக எங்களிடம் இருந்தது இதுதான்.

அப்பா அன்றைக்கு ஒரு விதி சொன்னார். "ஒரு ஊர்ப்பேர் எப்ப சொல்லாகுது தெரியுமோ? அது எங்கை இருக்கெண்டு ஒருதரும் கேக்காத நேரம்." பிறகு எங்களுக்கு ஒரு வேலை தந்தார். எங்கள் பேச்சில் அப்படி ஆன ஊர்ப்பெயர் ஒன்று சொல்ல வேண்டும். ஒருவன் காசி என்றான், எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகிறவனைக் காசிக்குப் போகிறான் என்கிறோமே என்று. அப்பாவுக்கு அது பிடித்தது. அடுத்ததாக எழும்பியவள், "பூசா, சேர்" என்றாள். அவளுடைய தமையனை ஆமி பிடித்து அங்கே இருந்த தடுப்பு முகாமுக்குத்தான் கொண்டுபோயிருந்தது. அந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று கொட்டிலில் ஒருவரும் கேட்கவில்லை. அப்பா அதைக் கரும்பலகையில் எழுதினார். அன்றைக்கு அவர் பலகையை அழிக்காமலே வகுப்பைக் கலைத்துவிட்டார்.

இனிக் கிணற்றுக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு ஒரே ஒரு தமையன். எனக்குப் பெரியப்பா. அவர் தோட்டக்காரர். புகையிலையும் வெங்காயமும் வைத்து, தான் பள்ளிக்கூடத்தை விட்டு, தம்பியை இங்கிலிஷ் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தவர். அப்பா இதை மறந்தது கிடையாது. பெரியப்பாவுக்கு முன்னால் அவர் கதிரையில் இருந்து நான் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் காணி பிரித்தபோது கிணறு சரியாக எல்லையில் வந்தது. காணியைப் பிரிக்கலாம், கிணற்றைப் பிரிக்க முடியாது. ஆகவே வேலி இரண்டு பக்கத்தாலும் வந்து கிணற்றுக்கட்டில் முட்டி நின்றது. எங்கள் பக்கம் ஒரு கப்பி, அவர் பக்கம் ஒரு கப்பி. விடியற்காலையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தண்ணீர் அள்ளுவார்கள். புகையிலை என்ன விலை போகிறது, ஆருடைய பெடியன் கனடா போய்ச் சேர்ந்துவிட்டான், எல்லாம் அந்தக் கிணற்று வாய்க்கு மேலால் பேசி முடியும். அப்பாவின் ஒரு நாள் அதில்தான் தொடங்கும்.

தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை தொடங்கியதும் கரையோரத்துச் சனம் உள்ளுக்கு வந்தது. கொழும்புத்துறைப் பக்கத்திலிருந்து ஒரு வண்டில்காரர் தன் மனைவியோடும் மாமியோடும் எங்கள் படலைக்கு வந்தார். அப்பாவுக்கு விறகு ஏற்றிக்கொண்டு வந்து இறக்குகிற பழக்கம்தான், வேறு உறவில்லை. அப்பா வகுப்பை நிறுத்திவிட்டுக் கொட்டிலை அவர்களுக்குக் கொடுத்தார். வண்டில்காரரின் மனைவியை அக்கா என்று கூப்பிட வேண்டும் என்று எனக்குச் சொன்னார். அதை ஏன் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது என்று எங்கள் ஊராருக்கு விளங்கும். அவர்கள் என்ன சாதி என்று நான் இங்கே எழுத மாட்டேன். எழுதினால் இன்றைக்கும் சிலர் அதை மட்டும்தான் வாசிப்பார்கள்.

அந்தச் சாதி ஆட்கள் எங்கள் ஊர்க் கிணறுகளில் வாளி போடுவதில்லை. கிணற்றடிக்கு வெளியே குடத்தோடு நிற்பார்கள். வீட்டுக்காரர் அள்ளி, எட்ட நின்று வார்ப்பார்கள். வீட்டுக்காரர் நித்திரையென்றால் எழும்பும்வரை நிற்க வேண்டும். அந்த அக்காவும் முதல் நாள் காலையில் குடத்தோடு வந்து அப்படித்தான் நின்றாள். மேலே ஹெலி சுற்றிக்கொண்டிருந்தது. நகரப் பக்கம் சுடுகிற சத்தம் கேட்டது. ஊர் முழுக்கப் பதுங்குகுழிக்குள் இருக்க, இவள் மட்டும் வெட்டவெளியில், ஆராவது வந்து தண்ணீர் வார்க்கட்டும் என்று நிற்கிறாள். அப்பா வெளியே வந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, கயிறு கிடக்கு, வாளி கிடக்கு. அள்ளிக்கொண்டு உள்ளை ஓடு" என்றார்.

அவள் அசையவில்லை. அப்பா வாளியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் போட்டாள்.

எதிர்ப்பக்கக் கப்பியில் பெரியப்பா பாதி இழுத்த கயிறோடு நின்றார். ஹெலிக்கு அவரும் பயப்படவில்லை, வழமையான நேரத்துக்கு வந்திருந்தார். அவர் அவளைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தார்.

"தம்பி" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அதில் எல்லாம் இருந்தது.

"அண்ணை, மேலை ஹெலி நிக்குது" என்றார் அப்பா.

பெரியப்பா கயிற்றை விட்டார். அவருடைய வாளி தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. அவர் திரும்பி உள்ளே போனார். அதற்குப் பிறகு அவர் அப்பாவோடு ஒரு சொல் பேசவில்லை. கடைசியாகச் சொன்ன சொல் "தம்பி" என்பதுதான்.

அடுத்த நாள் அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மிசினைக் கொண்டுவந்து கிணற்றடியில் வைத்தார். பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் மருந்து மாதிரி ஆகியிருந்த காலம் அது. விளக்குக்கு ஜாம் போத்தலில் ஒரு சொட்டை வைத்துக்கொண்டு சனம் திண்டாடியது. பெரியப்பா பின்னேரம்வரை மிசினை ஓடவிட்டுக் கிணற்றை அடிவரை இறைத்தார். எல்லாத் தண்ணீரும் அவருடைய வாழைக்குப் போனது. அடியில் நின்ற சேற்றையும் அள்ளுவித்தார். பிறகு ஐயரைக் கூப்பிட்டு மந்திரம் சொல்வித்து மஞ்சள் தண்ணீர் தெளித்தார். விடிந்து பார்த்தால் அதே ஊற்றிலிருந்து அதே தண்ணீர், பழைய மட்டத்துக்கு வந்து நின்றது. அக்கா அதிலே வாளி போட்டாள். இனி இறைக்க மண்ணெண்ணெய் இல்லை.

அதனால் கிணற்றுக்கு மேலே தகரம் அடித்தார். இரண்டு பக்க வேலியையும் இணைத்து, கிணற்று வாய்க்குக் குறுக்கே ஒரு மரம் போட்டு, அதில் தகரத்தைத் தொங்கவிட்டு அடித்தார். மேலே இரண்டு கிணறு, கீழே ஒரு தண்ணீர். தகரத்துக்கு அந்தப் பக்கம் சுத்தம், இந்தப் பக்கம் துடக்கு. அந்தத் தகரத்தைப் பார்த்தால் இந்த மனிதருக்கு மூளை கலங்கிவிட்டதென்று எந்த ஊரும் சொல்லியிருக்கும். எங்கள் ஊர் சொல்லவில்லை. எங்கள் ஊர் அவர் பக்கம் போய் நின்றது.

ஒருவரும் எங்களோடு சண்டைக்கு வரவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கூப்பன் சாமானுக்கு நிற்கிற சங்கக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவள் ஒரு எட்டு முன்னுக்குத் தள்ளி நிற்பாள். கலியாண வீட்டுக்குச் சொல்ல வருகிறவர்கள் எங்கள் படலையைத் தாண்டி அடுத்த படலைக்குப் போவார்கள். கோயிலில் திருநீறு கிடைக்கும், முகம் கிடைக்காது. சண்டை கொஞ்சம் அடங்கி அப்பா மறுபடி வகுப்புத் தொடங்கியபோது ஒரு பிள்ளையும் வரவில்லை. எனக்குப் பேசிக்கொண்டிருந்த இரண்டு சம்பந்தமும் சத்தமில்லாமல் விழுந்தன. வண்டில்காரர் குடும்பம் அடுத்த வருஷமே தங்கள் இடத்துக்குத் திரும்பிப் போய்விட்டது. போகும்போது அந்த அக்கா அம்மாவின் கையைப் பிடித்து, "எங்களாலைதானே" என்று அழுதாள். அம்மா அவளை ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் போனபிறகு அப்பாவுக்குச் சொன்னாள்.

"கிணத்தைத் திறந்துவிட்டிட்டு எங்களைப் பூட்டிப்போட்டியள்."

அம்மாவின் கோபத்தில் நியாயம் இருந்தது. எனக்கும் அப்பாவில் கோபம் இருந்தது. ஆனால் அது வேறு கோபம். இந்த ஊரிடமிருந்து அவர் எதை எதிர்பார்த்தார் என்ற கோபம்.

அவர் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்றுதான். ஊர் பேசாமல் விட்டதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. தமையன் பேச வேண்டும். நாள் தவறாமல் விடிய எழும்பிக் கிணற்றடிக்குப் போவார். தகரத்துக்கு அந்தப் பக்கம் கப்பி ஓடுகிற சத்தம் கேட்கும்வரை நிற்பார். கேட்டதும், "அண்ணை" என்பார். அந்தப் பக்கக் கப்பி நின்றுவிடும். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இருக்காது. பிறகு மறுபடி ஓடும். அப்பா தன்னுடைய வாளியை இழுத்துக்கொண்டு வருவார்.

"உங்களுக்கு வெக்கமில்லையோ?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அவர் புகையிலை வித்த காசிலைதான் நான் கொவென்றி எண்ட சொல்லைப் படிச்சனான், பிள்ளை" என்றார். பிறகு, "கப்பி நிண்டதைக் கேட்டனியோ? அவருக்குக் கேக்குது" என்றார்.

அந்தக் கப்பி நிற்கிற நேரத்தை வைத்துக்கொண்டு மனிதர் சீவித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

கரண்ட் இல்லாத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நான் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். அப்பா இங்கிலிஷ் செய்தி மட்டும் கேட்பார். ஒரு முறை அறிவிப்பாளர் எங்கேயோ இடிந்துபோன இன்னொரு நகரத்தைப் பற்றிச் சொல்லும்போது, அது இன்னொரு பெய்ரூட் ஆகிவிட்டது என்றார். அப்பா கையைக் காட்டி, "பார், பெய்ரூட் சொல்லாகியிட்டுது" என்றார். பிறகு எங்கள் செய்தி வந்தது. யாழ்ப்பாணம் என்று சொல்லிவிட்டு, அது இலங்கையின் வடக்கே இருக்கிறது என்று அறிவிப்பாளர் விளக்கமும் சொன்னார்.

"இவ்வளவு செத்தும் எங்கடை ஊரை இன்னும் எங்கை இருக்கெண்டு சொல்லவேண்டிக் கிடக்கு" என்றார் அப்பா. நான் பெடலை விட்டேன். ரேடியோ இழுத்து இழுத்து நின்றது.

தொண்ணூற்றுநாலில் அப்பா படுத்தார். அவருக்குச் சீனி வருத்தம், சலரோகம். மருந்து சாவகச்சேரியில் கிடைக்கிறது என்பார்கள், போனால் முடிந்துவிட்டது என்பார்கள். கால் புண் மாறவில்லை. அவருடைய கட்டிலைக் கிணற்றடிப் பக்கத்து யன்னலோடு போடச் சொன்னார். எழும்ப முடியாமல் போனபிறகும் விடியப்புறம் அந்தக் கப்பிச் சத்தம் கேட்டால், யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "அண்ணை" என்பார். குரல் கிணற்றடிவரை போகாது. கப்பி நிற்காமல் ஓடும். "இண்டைக்கு அவருக்குக் கேக்கேல்லைப் போலை" என்பார்.

அதைத் தாங்க முடியாமல் நான் பெரியப்பா வீட்டுப் படலைக்குப் போனேன். அவர் முற்றத்தில் புகையிலை கட்டிக்கொண்டிருந்தார். படலைக்கு வெளியே நின்று, "பெரியப்பா, அப்பாவுக்குக் கடுமை. ஒருக்கால் வந்து ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போங்கோ. போதும்" என்றேன். அவர் நிமிரவில்லை. கை நிற்காமல் கட்டிக்கொண்டிருந்தது. நான் நின்ற இடத்தில் ஒரு கதியால் நின்றிருந்தாலும் அவர் ஒரு தரம் பார்த்திருப்பார், ஆடு கடித்திருக்கிறதா என்று. நான் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

அப்பா இரண்டொரு கிழமையில் போனார். அன்றைக்கு விடியவும் கேட்டார், "அண்ணை வந்தவரோ?" என்று. அம்மா, "ஓம், வந்து பாத்திட்டுப் போனவர். நீங்கள் நித்திரை" என்றாள். அம்மா சொன்ன பொய்களில் அது ஒன்றுதான் எனக்குப் பிடித்த பொய். அப்பா நம்பினாரோ தெரியாது. "என்னவாம் சொன்னவர்?" என்று கேட்டார். அதற்கு அம்மாவிடம் பொய் இருக்கவில்லை.

எங்கள் ஊரில் கோபக்காரரும் செத்த வீட்டுக்கு வருவார்கள். அது ஒன்றுக்குத்தான் விலக்கு உண்டு. பெரியப்பா அதற்கும் வரவில்லை. மானிப்பாயிலிருந்து வந்த அம்மாவின் தம்பி மகன் கொள்ளி வைத்தான். பாடை தூக்க ஆள் போதாமல் கொழும்புத்துறையிலிருந்து சைக்கிளில் வந்திருந்த வண்டில்காரரும் தோள் கொடுத்தார். ஊர் வேலிக்கு மேலால் அதையும் பார்த்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது இதில்லை. பெரியப்பா அன்றைக்குத் தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்று தலையில் தண்ணீர் வார்த்தார். வாளி வாளியாக வார்த்த சத்தம் கேட்டது. கூடப் பிறந்தவர் செத்த துடக்கு. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரைக்கும் அவர் அந்தத் துடக்கைக் காத்தார். கோயிலுக்குப் போகவில்லை, மீன் மச்சம் தின்னவில்லை, முகம் வழிக்கவில்லை. சந்தியில் ஆராவது கேட்டால், "தம்பியின்ரை துடக்கு" என்றாராம். சாத்திரத்துக்குத் தம்பி இருந்தான். கிணற்றடியில் நின்று கூப்பிட்ட மனிதர்தான் இல்லை. இப்படி ஒரு ஏற்பாட்டை எங்கள் சனத்தைத் தவிர வேறு ஆராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. இங்கிலிஷ்காரருக்குக் கொவென்றி வெறும் பேச்சு. நாங்கள் அதற்குச் சடங்கும் வைத்திருந்தோம்.

அடுத்த வருஷம் ஐப்பசியில், கோப்பாயும் மானிப்பாயும் அடங்கிய எங்கள் பகுதி, வலிகாமம், முழுக்க வெளிக்கிட்டது. ஆமி வருகிறது, எல்லாரும் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போங்கோ என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். மழை. அம்மாவைச் சைக்கிள் கரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு நான் நடந்தேன். செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் சனத்தால் அடைத்துப்போயிருந்தன. கால் வைத்தால் எடுக்க இடமில்லை. சங்கக்கடை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு எட்டுத் தள்ளி நின்றவர்கள், அன்றைக்கு என் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு நடந்தார்கள். அப்போதும் ஒருவரும் கதைக்கவில்லை.

அந்த வண்டில்காரர் அப்பாவின் செத்த வீட்டிலேயே எங்களுக்குச் சொல்லியிருந்தார், ஏதும் நடந்தால் கொடிகாமத்துக்கு வாருங்கள், மனைவியின் காணி அங்கே இருக்கிறது, தாங்களும் அங்கேதான் போவோம் என்று. பனைகளுக்கு நடுவே ஒரு மண்வீடும் ஒரு சின்னக் கிணறும். அக்கா எங்களைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் பாயை விரித்தாள். அறையை எங்களுக்கு விட்டுவிட்டு அவர்கள் தாழ்வாரத்தில் படுத்தார்கள்.

தென்மராட்சியில் கிணறுகளுக்குப் பூட்டு விழுந்திருந்தது. ஒரு கிணற்றுக்கு ஒரு ஊர்ச்சனம் வந்து நின்றால் எந்தக் கிணறுதான் தாங்கும்? கப்பியைக் கழற்றி உள்ளே வைத்தார்கள். கயிற்றை ஒளித்தார்கள். "வலிகாமம் வருது, வாளியை எடுத்து உள்ளை வை" என்று ஒரு மனுசி சொன்னதை நான் றோட்டில் போகும்போது கேட்டேன். சந்தையில் தேங்காய் விலை ஏறினால், "வலிகாமம் வந்த நாள் தொட்டு" என்றார்கள். கோப்பாயா மானிப்பாயா, எந்த ஒழுங்கை, எந்தச் சாதி, ஆருக்கு ஆர் கோபம், ஒன்றையும் அவர்கள் கேட்கவில்லை. எங்கே இருக்கிறது என்றும் கேட்கவில்லை. குளிக்காமல், ஈர உடுப்போடு, மற்றவர் வாசலில் வந்து நிற்கிற ஆளுக்கு வலிகாமம் என்று பெயர். அப்பா இருந்திருந்தால் கரும்பலகையில் எழுதியிருப்பார்.

ஒரு மத்தியானம் நான் முற்றத்தில் விறகு காய வைத்துக்கொண்டிருந்தேன். படலையடியில் ஆரோ நின்றார்கள். நிமிர்ந்தேன். பெரியப்பா. மகன் குடும்பத்தை நெரிசலில் தவறவிட்டுவிட்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் தனியே கிடக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். வேட்டி முழங்கால்வரை சேறு. உதடு வெடித்திருந்தது. அங்கே ஒரு கிணற்றடியில் கேட்டு, இங்கே ஒரு கிணற்றடியில் கேட்டு, கலைபட்டு வந்திருக்கிறார் என்று பார்த்ததும் விளங்கியது.

அவர் என்னைப் பார்த்தார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு என் முகத்தை நேரே பார்த்தார்.

"பிள்ளை, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தா" என்றார்.

அப்பா கேட்டது இந்தக் குரலைத்தான். ஒரு சொல் போதும் என்று யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். அது வாயில் இருக்கத்தான் இருந்தது. தாகம் வந்தால் வரும்.

நான் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். செம்பு வாயில் படாமல் அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. அடியில் நின்ற சொட்டு வரைக்கும் குடித்து முடித்தார். செம்பை என்னிடம் தந்தார். மேல்துண்டால் வாயைத் துடைத்தார். மண்வீட்டைப் பார்த்தார், தாழ்வாரத்தில் கிடந்த வண்டில் சக்கரத்தைப் பார்த்தார். பிறகுதான் கேட்டார்.

"உது ஆரின்ரை கிணத்துத் தண்ணி?"

குடிக்க முன் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் குடித்திருக்க முடியாது, அது அவருக்குத் தெரியும். அதனால்தான் குடித்து முடியும்வரை அந்தக் கேள்வியை வைத்திருந்தார். அவ்வளவு தாகத்திலும் அந்தக் கணக்கு அவருக்குத் தவறவில்லை. சொல்ல வேண்டியது எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. ஆருடைய கிணறு என்று சொல்லலாம். ஆர் அள்ளின வாளி என்று சொல்லலாம். அப்பா கடைசி நாள் விடிய என்ன கேட்டார் என்றும் சொல்லலாம்.

ஒன்றும் சொல்லவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கப்பி நின்ற நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம். பிறகு செம்பை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

"பிள்ளை" என்று பின்னால் கூப்பிட்டார். "உன்னைத்தான் பிள்ளை, ஆரின்ரை கிணறெண்டு கேட்டனான்."

நான் நிற்கவில்லை. அப்பாவுக்கு இது பிடித்திருக்காது. அவர் உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பாயில் இருத்தியிருப்பார். நான் அப்பா இல்லை. இதைப் பற்றி எனக்கு இன்றுவரை வருத்தமும் இல்லை.

அடுப்படியில் இருந்த அக்கா தலையை நீட்டி, "ஆர் பிள்ளை படலையடியிலை, தெரிஞ்ச ஆக்களோ?" என்று கேட்டாள்.

"இல்லை அக்கா. ஆரோ வலிகாமத்தார்" என்றேன்.

அவருக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் பலத்துத்தான் சொன்னேன்.